கடைசி நாற்பது சென்டிமீட்டர்

சேறு படிப்பது என் வேலை. சிரிக்காதீர்கள், அரசாங்க உத்தியோகம்தான்.

குளத்தின் அடியில் குழாயை இறக்கி, அதற்குள் ஏறும் சேற்றைக் குலையாமல் வெளியே எடுத்து, நீளவாக்கில் பிளந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓர் இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். அந்த இயந்திரத்தின் முறையான பெயர் ஒன்றரை வரி நீளம் இருக்கும். நாங்கள் 'நாக்கு' என்போம். சேற்றைத் தொட்டுப் பார்த்து, எந்த வருஷம் யார் அந்தக் கரையில் குளித்தார்கள், துப்பினார்கள், எதைத் தின்றார்கள் என்று அது சொல்லிவிடும். மனிதன் போகிற இடமெல்லாம் தோலை உதிர்க்கிறான், எச்சிலை விடுகிறான். மழை அதையெல்லாம் குளத்தில் கொண்டு சேர்க்கிறது. மழைக்காலத்துக்கு ஒரு கறுப்பு வரி, வெயில் காலத்துக்கு ஒரு வெளிர் வரி என்று குளம் அடுக்கி வைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒரு வருஷம்.

எங்கள் மாரீதாத் தீவில் நாக்குக்குத் திடீர் மரியாதை வந்ததற்குக் காரணம் கடல். ஐம்பது வருஷத்தில் அது ஏறி ஏறி, கடற்கரை ஊர்களையெல்லாம் விழுங்கிவிட்டது. மக்களில் பாதிப் பேர் மிதவைக் குடியிருப்புகளில் கிடக்கிறார்கள். எப்போது பார்த்தாலும் ஈரம். போன வருஷம் மட்டும் நெஞ்சுச் சளியில் இரண்டாயிரம் பேர் போய்ச் சேர்ந்தார்கள். தீவில் மிஞ்சியிருக்கும் காய்ந்த நிலம் ஒன்றே ஒன்றுதான், இந்தக் குளத்தைச் சுற்றியுள்ள மேல்மலை. அது யாருக்கு என்று சண்டை வந்தபோது, தேர்தல் நேரத்தில் ஒரு சட்டம் போட்டார்கள். மலை முதலில் வந்தவர்களுக்கு. அவர்களுடைய இன்றைய வாரிசுகளுக்கு. யார் முதல் என்பதைக் குளத்துச் சேறு சொல்லும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

குளத்தின் வடகரையில் தெமா மக்களின் ஊர். நூற்று எண்பது பேர். தீவின் பூர்வகுடிகள் அவர்கள்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தென்கரையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம். வரிசையாக அறுபத்திரண்டு வீடு, முந்நூற்றுப் பத்துப் பேர். எங்களை வெள்ளைக்காரன் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து கொழுந்து பறிக்க விட்டான் என்பதிலும் யாருக்கும் சந்தேகமில்லை. ஆகவே தெமாக்கள் இருப்பார்கள், நாங்கள் மிதவைக்குப் போவோம். லயத்தின் முதல் வீடு என் அக்கா ஆவுடையுடையது. அத்தானுக்கு இளைப்பு நோய். படுத்தால் மூச்சு வராது, உட்கார்ந்தபடியே தூங்குகிற மனுஷன். மிதவைக்குப் போனால் ஒரு மழைக்காலம் தாங்க மாட்டார் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

குளத்தைத் துளைக்கும் வேலைக்கு, அந்தச் சட்டத்துக்காக அமைத்த ஆணையம் இரண்டு பேரைப் போட்டது. துளைப்பவன் நான், காத்தவராயன், லயத்துக்காரன். ஆய்வாளர் லியூரா, தெமாப் பெண், வெளிநாட்டில் படித்தவள். எங்கள் லயத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவாள். இரண்டு தரப்பிலிருந்தும் ஆளுக்கொருவர் இருந்தால் தில்லுமுல்லு நடக்காது என்று ஆணையம் நினைத்தது. புத்திசாலிகள்.

அக்கா மதியம் சோறு கொண்டுவருவாள். குளக்கரையில் எங்கள் வேலைக் கொட்டகையில் மேஜைமீது பிளந்து கிடக்கும் சேற்றை, சந்தையில் மீன் பார்ப்பது போல் குனிந்து பார்ப்பாள்.

"இது என்னலே, மினுமினுன்னு?"

"சுதந்திரம் வாங்குன வருஷம்க்கா. கரையில வெடி போட்டிருக்காங்க. அந்த மருந்து."

"இம்புட்டுத்தானா சுதந்திரம்?"

"ஆறு மில்லிமீட்டர்."

அவள் சிரித்தாள். அதற்குக் கீழே இரண்டரை மீட்டர் நீளத்துக்குச் செம்மண்ணாக இருந்தது. ஆங்கிலேயர் காலம். தேயிலை நடக் காட்டை வழித்ததும் மலையே கரைந்து குளத்துக்குள் வந்துவிட்டது. அந்தச் செம்மண்ணின் அடிப்பகுதியில்தான் எங்கள் ஆட்கள் தென்பட ஆரம்பித்தார்கள். கேழ்வரகு, வெற்றிலை, காலரா. அதற்குக் கீழே டச்சுக்காரர்கள். அவர்கள் கட்டி இழுத்து வந்த ஆப்பிரிக்க அடிமைகள், அம்மை நோய், பன்றி.

"வந்தவன் மொத வேலையா பன்னிய அவுத்து விட்டிருக்கான் பாரேன்" என்றாள் அக்கா. "அதுக்கும் கீழ?"

"அதுக்கும் கீழ லியூரா ஆளுங்க மட்டுந்தான்க்கா. சேப்பங்கிழங்கு, கோழி. எழுநூறு வருஷம், வேற யாருமே இல்ல."

அக்கா சோற்றுத் தூக்கை மூடினாள். "கொடுத்து வச்சவங்க" என்றாள். அதில் பொறாமை இல்லை. அத்தானை நினைத்துத்தான் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கிடையில் நான் ஒரு முட்டாள்தனம் செய்துகொண்டிருந்தேன். கொட்டகையில் வேலை செய்பவர்களின் எச்சிலை நாக்கு முன்கூட்டியே பதிந்து வைத்திருக்கும். எங்கள் அழுக்கு சேற்றில் பட்டுவிட்டால் உடனே காட்டிக் கொடுப்பதற்காக. ஐந்து மீட்டர் ஆழத்தில், டச்சுக்காரர்களே வராத காலத்துச் சேற்றில், அது என் பெயரைக் காட்டியது. கையுறை கிழிந்திருக்கும் என்று அந்தத் துண்டைத் தூக்கி எறிந்தேன். அடுத்த துண்டிலும் நான். எறிந்தேன். வெற்றிலை போடுவதை விட்டேன், இரண்டு முகமூடி போட்டேன். ஆறு மீட்டரில் மறுபடியும் நான்.

"அண்ணே, எழுநூறு வருஷத்துச் சேத்துல எத்தன எடத்துலதான் துப்புவீங்க?" என்று லியூரா சத்தம் போட்டாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இயந்திரத்துடையது அல்ல, என்னுடையது.

ஆடி அமாவாசை அன்று அக்கா வீட்டில் படையல். லியூராவையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். செத்துப்போன அப்பா அம்மாவுக்கு ஓர் இலை போட்டு, பக்கத்தில் இன்னோர் இலை போட்டு, அதிலும் வடை பாயசம் எல்லாம் வைத்தாள்.

"இது யாருக்குக்கா?" என்று கேட்டாள் லியூரா.

"பேர்க்காரருக்கு."

"அது யாரு?"

"யாரு கண்டா? கப்பல்ல செத்தவங்கன்னு சொல்லுவாக. நம்ம லயத்துல எல்லா வீட்டுலயும் வப்போம்."

"மத்த தோட்டத்துலயெல்லாம் வைக்கிறதில்லையே. நான் பாத்திருக்கேன். ஒரு எலதான்."

"அவங்களுக்கு முறை தெரியல" என்றாள் அக்கா அலட்சியமாக.

லியூரா கை கழுவாமல் எழுந்துவிட்டாள். "காத்தாண்ணே, தோட்டத்துல பழைய காலத்துல ஆள் செத்தா பேர என்ன பண்ணுவாங்க?"

"பதிவேட்டுல அடிக்க மாட்டாங்க" என்றேன். இது லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. காலையில் பெரட்டுக்குக் கூட்டி நிறுத்திப் பெயர் கூப்பிடுவான் கங்காணி. துரைக்குத் தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். ஆகவே ஒருவன் செத்தால் அவன் பெயரை அடிக்காமல், அந்த இடத்தில் அடுத்து வந்தவனை நிறுத்திவிடுவான். முனியன் செத்தால் அடுத்தவன் முனியன். எங்கள் லயத்தில் ஆறு காத்தவராயன்கள் இருந்ததாகச் சொல்வார்கள்.

லியூரா என் பக்கம் திரும்பினாள். "உங்க லயத்துல காலரா வந்த வருஷம் எது? ஆயிரத்து எண்ணூத்து எழுபத்தொண்ணு. சேத்துல பாத்தோம். அதே வருஷந்தான் துரை பங்களா எரிஞ்சு, பட்டாளம் வந்து எங்க ஆளுங்கள வேட்டையாடுச்சு. பாதிப் பேரு தண்ணிக்குள்ள போயிட்டாங்கன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. தண்ணிக்குள்ள போகல. தண்ணியச் சுத்தி இந்தக் கரைக்கு வந்திருக்காங்க. விடியக்காலம் பெரட்டுல, செத்தவங்க எடத்துல வந்து நின்னிருக்காங்க. கங்காணி பேர் கூப்பிட்டதும் 'இருக்கேன்'னு சொல்லியிருக்காங்க."

"என்ன சொல்லுதா இவ?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

"சேத்துல எம் பேரு வந்தப்போ எங்க முன்னோர்னு விட்டோம். அதுல இருந்தது அண்ணன் எச்சிலும் இல்லக்கா. அண்ணனோட பாட்டன் பூட்டன் எச்சில். உங்க பேரு கப்பல்ல வந்தது, உடம்பு இங்கயே இருந்தது. உயிரக் காப்பாத்துன பேருக்கு நன்றியாத்தான் இந்த எல." லியூரா அழுதுவிட்டாள். "நீங்க எங்க ஆளுங்கக்கா."

அக்கா கொஞ்ச நேரம் அந்த இரண்டாவது இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அடி ஆத்தி" என்றாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "அப்போ மலை எங்களுக்கும் உண்டா?"

"உண்டு."

"அவரு மிதவைக்குப் போக வேண்டாமா?"

"வேண்டாம்க்கா."

அத்தான் மூலையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

லயம் முழுவதற்கும் எச்சில் எடுத்துப் பார்த்தோம். அறுபத்திரண்டு வீட்டிலும் ஒருவராவது தெமா வழி. சட்டம் குடும்பத்தைத்தான் பார்க்கிறது, ஆகவே முந்நூற்றுப் பத்துப் பேரும் தப்பித்தார்கள். வடகரைக்காரர்கள் படகில் வந்து இறங்கினார்கள். யார் யாருக்கு என்ன முறை என்று தெரியாமல் எல்லோரும் எல்லோரையும் மாமா என்றும் அத்தை என்றும் கூப்பிட்டு ஒரே களேபரம். நானும் குடித்தேன். மறைக்க என்ன இருக்கிறது, சந்தோஷமாக இருந்தேன்.

ஒரே ஒரு வேலை பாக்கியிருந்தது. பாறை தட்டுகிற வரை துளைக்க வேண்டும் என்பது விதி. எட்டு மீட்டர் அறுபதில் நின்றிருந்தோம். இன்னும் நாற்பது சென்டிமீட்டர்தான். பாறை தட்டியது. கடைசிக் குழாயை வெளியே இழுத்துப் பிளந்தேன்.

மேலே இரண்டு விரல் தடிமனுக்குச் சாம்பல். சாம்பலுக்குக் கீழே வழக்கமான சேறு, கறுப்பும் வெளிருமாக. எண்ணினேன். அறுபத்து மூன்று வருஷம்.

நாக்கு அதைத் தொட்டது. மனிதர்கள் என்றது. சுமார் நூற்றிருபது பேர். தெமா இல்லை. உலகத்தில் இன்று உயிரோடு இருக்கும் எந்த இனத்தோடும் ஒட்டவில்லை. குளத்துச் சிறுமீன் தின்றிருக்கிறார்கள், காட்டு வள்ளிக்கிழங்கு தின்றிருக்கிறார்கள். நாய் வளர்த்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் தாய்ப்பால் இருந்தது. சாம்பல் வரியில் அவர்களுடைய ரத்தமும் தெமா ரத்தமும் ஒரே மழைக்காலத்தில் கலந்து கிடந்தன. அதற்கு மேலே தெமா மட்டும்.

லியூரா திரையை மூன்று முறை படித்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். "எங்களுக்கு நடந்ததத்தான் உலகம் பூரா போய்ச் சொல்லிட்டிருந்தேன்" என்றாள். "வந்தான், சுட்டான், எரிச்சான்னு. பதினஞ்சு வருஷமா மேடைக்கு மேட."

நான் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பதினான்காம் பிரிவைத் தேடினேன். கடைசி நாளில் யாரோ செருகிய பிரிவு அது. மிக முந்தைய குடிக்கு இன்று வாரிசு இல்லாவிட்டால் நிலம் அரசைச் சேரும். அமைச்சர்களுக்கு வீடு கட்ட மலையில் ஏற்கெனவே முளை அடித்திருந்தார்கள். போகும்போதும் வரும்போதும் நாங்கள் அதில் தடுக்கி விழுந்துகொண்டுதான் இருந்தோம்.

"அப்போ நாங்களும் போகணும், நீங்களும் போகணும்" என்றேன். "நானூத்துத் தொண்ணூறு பேரு."

"எழுதித்தான் ஆகணும்ணே."

"யாருக்காக?"

"அவங்களுக்காக."

"அவங்க யாரும் மனு போடலையேம்மா."

"போட ஆள் இல்லைன்னுதாண்ணே எழுதணும்!" மேஜையை அறைந்தாள். "நூத்திருபது பேர் இருந்திருக்காங்க. அவங்க இருந்தாங்கங்கிறதுக்கு இந்த உலகத்துல இருக்கிற ஒரே சாட்சி இந்தச் சேறு. சட்டப்படி குளத்த ஒரே ஒரு தடவதான் துளைக்கலாம். இது போச்சுன்னா அவங்க பொறக்கவே இல்ல."

"எழுதிட்டா மட்டும் எந்திரிச்சு வந்துருவாங்களா? எங்க அத்தான் செத்துருவாரு. உங்க அம்மாவுக்கு எழுபது வயசு. அந்த மிதவையில போய்க் கிடப்பாங்களா?"

சோற்றுத் தூக்கோடு அக்கா உள்ளே வந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் தூக்கைக் கீழே வைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவளிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை.

லியூரா எழுந்தாள். "எனக்குத் தெரியலக்கா. எனக்கு ஒண்ணுமே தெரியல. நான் போய்க் குளத்தச் சுத்தி நடந்துட்டு வாரேன்." வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னாள். "ஒரு மணி நேரம் ஆகும்."

அவள் என்ன சொல்லிவிட்டுப் போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. அக்காவுக்கும் புரிந்தது.

"நாய் வச்சிருந்தாங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"ஆமா."

"பிள்ளைக்குப் பால் குடுத்திருக்காளா ஒருத்தி?"

"ஆமாக்கா."

"ஏம்லே எங்கிட்ட இதையெல்லாம் சொன்ன?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. பிறகு வெளியே போய், துணி அலசுகிற பிளாஸ்டிக் பேசினை எடுத்து வந்து மேஜைக்குக் கீழே பிடித்தாள்.

கம்பியை விட்டுத் தள்ளினேன். நன்றாகப் பதமான சேறு, ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு விழுந்தது. சாம்பலும் விழுந்தது. நாக்கின் பதிவையும் அழித்தேன். ஐந்து நிமிஷம் ஆகவில்லை. முதல் தடவை அவர்களை ஒழித்தவர்களுக்கு ஒரு மழைக்காலமும் நெருப்பும் தேவைப்பட்டிருக்கின்றன. அக்கா பேசினை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்க் கத்தரிப் பாத்தியில் கொட்டி, மண்வெட்டியால் கிளறிவிட்டாள்.

லியூரா சரியாக ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். வெறும் குழாயைப் பார்த்தாள். அளவுநாடாவை எடுத்து மீதிச் சேற்றைத் தலையிலிருந்து அடிவரை அளந்து, எட்டு மீட்டர் அறுபது, அடியில் பாறை என்று எழுதினாள். என் பக்கம் நகர்த்தினாள். துளைத்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாள் கழித்து விசாரணை. மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அமைச்சரின் ஆட்கள் வரைபடத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அக்காவும் அத்தானும் நடுவில் இருந்தார்கள். லியூரா தன் அறிக்கையைத் தலை நிமிராமல் வாசித்தாள். ஆணையத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி, நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். சத்தியம் செய்யச் சொன்னார். செய்தேன்.

"பாறை வரைக்கும் போனீங்களா?"

"போனோமுங்க."

"இந்தத் தீவுல அடுத்தடுத்து இத்தனை பேர் வந்திருக்காங்க. ஒவ்வொருத்தரும் நாங்க வந்தப்போ இங்க யாரும் இல்லன்னு எழுதி வச்சிட்டுப் போயிருக்காங்க. அதனாலதான் திரும்பக் கேக்கிறேன். யோசிச்சுச் சொல்லுங்க. தெமாக்களுக்கு முன்னாடி இந்த மலையில யாராவது இருந்தாங்களா?"

யோசித்தேன். அத்தானுக்கு மூச்சு வாங்குவது அங்கே வரை கேட்டது.

"யாரும் இல்லீங்கய்யா" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். மண்டபம் எழுந்து கைதட்டியது.